ஓருடல் ஈருயிர்: போன் நிறுவனம் இயங்குதளத்தை மாற்றும்போது எது மாறுகிறது?

2011 ஜூனில் நோக்கியா என்9 என்றொரு போனை அறிமுகப்படுத்தியது. அதே ஆண்டு அக்டோபரில் லூமியா 800 வந்தது. திரை அணைந்திருக்கும்போது இரண்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரட்டைப் பிள்ளைகள் என்றுதான் சொல்வோம். இணைப்பே தெரியாத பாலிகார்பனேட் உடல், ஓரங்களில் வழிந்து இறங்கும் வளைந்த கண்ணாடி, கறுப்பு, நீலம், மெஜந்தா என்று நிறங்கள்கூட அவையேதான்.

திரையை எழுப்பிப் பாருங்கள். என்9-இன் முகத்தில் ஒரு பொத்தான்கூட இல்லை. எந்தச் செயலிக்குள் இருந்தாலும் திரையின் ஓரத்திலிருந்து விரலை இழுத்தால் வெளியே வந்துவிடலாம். லூமியாவிலோ பின்னால் போக ஒன்று, முகப்புக்கு ஒன்று, தேட ஒன்று என்று திரைக்குக் கீழே மூன்று தொடுபொத்தான்கள். பக்கவாட்டில் கேமராவுக்கென்று தனிப் பொத்தான்; என்9-இல் அது கிடையாது. என்9 திரையில் உயரவாக்கில் 854 புள்ளிகள், லூமியாவில் 800. என்9-இல் 1 ஜிபி ராம், லூமியாவில் 512 எம்பி. என்9-இல் இருந்த முன்பக்கக் கேமராவை லூமியாவில் காணோம். சிப்பும் வேறு: என்9-இல் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், லூமியாவில் குவால்காம்.

என்9-இல் ஓடியது நோக்கியா வளர்த்த மீகோ என்ற இயங்குதளம். லூமியாவில் ஓடியது மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் போன். திரை என்றால் 800க்கு 480 புள்ளிதான், முன்னால் மூன்று பொத்தான்கள் கட்டாயம், கேமராவுக்குத் தனிப் பொத்தான் வேண்டும், சிப் குவால்காம்தான் என்று அந்த நாளில் மைக்ரோசாஃப்ட் விதி வைத்திருந்தது. ஆக, உள்ளே ஓடும் மென்பொருள் வெளியே இருக்கும் திரையின் அளவைக்கூடத் தீர்மானித்துவிட்டது. “இயங்குதளம் எதுவானால் என்ன, போன் போன்தானே” என்று கேட்பவர்களுக்கு நான் காட்டும் உதாரணம் இந்த இரண்டு போன்கள்தாம்.

ஒரு போன் நிறுவனம் தன் இயங்குதளத்தை விட்டுவிட்டு வேறொன்றுக்குப் போகிறது என்று செய்தி வந்த உடனே ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். பல ஆண்டுகளாக இந்த விவாதங்களைப் படித்து வருகிறேன், சிலவற்றில் மூச்சுமுட்டப் பேசியும் இருக்கிறேன். எனக்குப் புரிந்தது இதுதான்: பெரும்பாலும் இரண்டு பக்கமும் சொல்வது சரி, ஆனால் இருவரும் ஒரே பொருளைப் பற்றிப் பேசவில்லை. ‘இயங்குதளம்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் நான்கைந்து அடுக்குகள் அடங்கியிருக்கின்றன. ஒருவர் அடி அடுக்கைச் சொல்கிறார், மற்றவர் மேல் அடுக்கைச் சொல்கிறார். எந்த அடுக்கு மாறுகிறது என்று முதலில் கேட்டுவிட்டால் பாதிச் சண்டை அங்கேயே அடங்கிவிடும்.

ஒரு படம் எடுக்கும் நேரத்தில்

அரட்டைச் செயலி ஒன்றில் கேமரா சின்னத்தைத் தொடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். விரல் பட்டது எந்தப் புள்ளியில் என்று தொடுதிரைச் சிப் சில எண்களைத் தருகிறது. அந்த எண்களைப் படிக்கத் தெரிந்த சிறு நிரலுக்குப் பெயர் டிரைவர். டிரைவர் படித்ததை இயங்குதளத்தின் அடித்தளமான கர்னல் வாங்கி மேலே அனுப்புகிறது. இப்போது அந்தப் புள்ளியில் எந்தச் செயலி இருக்கிறது என்று நடுவில் ஓர் அடுக்கு பார்த்து, அந்தச் செயலியிடம் விஷயத்தைச் சொல்கிறது. செயலி “எனக்குக் கேமரா வேண்டும்” என்று கேட்கிறது. நீங்கள் அதற்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்களா என்று இயங்குதளம் சரிபார்க்கிறது. பிறகு கோரிக்கை வந்த வழியே கீழே இறங்கிக் கேமராவின் டிரைவரை அடைகிறது. லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் சென்சார் விழித்துக்கொள்கிறது. எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள்.

இதில் செயலி கேமராவைத் தொடவே இல்லை. கேட்டது, அவ்வளவுதான். எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும், பதில் எந்த வடிவில் வரும் என்பதற்கு ஒவ்வோர் இயங்குதளத்திலும் ஒரு வழக்கு இருக்கிறது. அதைத்தான் ஏபிஐ என்கிறார்கள். ஆண்ட்ராய்டு வழக்கில் கேட்டுப் பழகிய செயலி விண்டோஸ் போனில் போய்க் கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. சிப் ஒன்றாக இருக்கலாம், கேமரா ஒன்றாக இருக்கலாம், செயலி ஓடாது. “அதே ஹார்டுவேர்தானே, ஏன் அந்த ஆப் இதில் வராது” என்ற கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

அடித்தளத்தில் இருப்பது கர்னல். எந்தச் செயலிக்கு எவ்வளவு நேரம் சிப்பைக் கொடுப்பது, எவ்வளவு நினைவகம் ஒதுக்குவது, எப்போது தூங்கிப் பேட்டரியை மிச்சம் பிடிப்பது என்று பங்கு பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. ஆண்ட்ராய்டின் கர்னல் லினக்ஸ். என்9-இல் இருந்ததும் லினக்ஸ்தான். அப்படியிருந்தும் ஒன்றின் செயலி மற்றதில் நேரடியாக ஓடாது. செயலிகள் பேசும் வழக்குகள் கர்னலுக்கு மேலே இருக்கும் அடுக்கில் அல்லவா இருக்கின்றன. “ரெண்டுமே லினக்ஸ்தான், அப்புறம் என்ன வித்தியாசம்” என்று விவாதத்தில் யாராவது சொன்னால், அவர் அடித்தளத்தோடு நின்றுவிட்டார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த நடு அடுக்கைப் புரிந்துகொள்ளத் தமிழ் எழுத்தைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. ‘கொ’ என்று தட்டுகிறீர்கள். போன் சேமித்து வைப்பது இரண்டு குறியீடுகளை: முதலில் க, அடுத்து ஒகரக் குறி. திரையில் வர வேண்டியவையோ மூன்று துண்டுகள்: கொம்பு முன்னால், க நடுவில், கால் பின்னால். பின்னால் வந்த குறியை இரண்டாக உடைத்து, ஒரு பாதியை எழுத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைக்க வேண்டும். இந்த வேலையைப் பெரும்பாலான செயலிகள் தாங்களாகச் செய்வதில்லை. எழுத்துருவோடு சேர்ந்து இயங்கும் ஒரு பகுதி இயங்குதளத்தின் நடு அடுக்கில் உட்கார்ந்து எல்லாச் செயலிகளுக்கும் பொதுவாகச் செய்து கொடுக்கிறது. அந்தப் பகுதியும் எழுத்துருவும் இல்லாத போனில் தமிழ் கட்டம் கட்டமாக வரும். அரைகுறையாக இருந்தால் கொம்பு தப்பான இடத்தில் போய் நிற்கும்.

பழைய போன்களில் தமிழ் படித்தவர்களுக்கு ஓப்பரா மினி உலாவி நினைவிருக்கும். அதன் முகவரிப் பட்டையில் கான்ஃபிக் பக்கத்தைத் திறந்து, சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டச் சொல்லும் தெரிவை ‘ஆம்’ என்று மாற்றி வைத்தால் தமிழ்ப் பக்கங்கள் ஒழுங்காகத் தெரியும். அப்போது தமிழை வரைந்தது நம் போன் இல்லை. ஓப்பராவின் சர்வர் எழுத்துகளைப் படமாக வரைந்து அனுப்பியது. இயங்குதளத்தில் இல்லாத ஒன்றை வெளியிலிருந்து இரவல் வாங்கினோம். வெறும் கட்டங்களாக இருந்த பக்கம் முதல்முறை தமிழாக மாறிய கணம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது. அதே போனில் குறுஞ்செய்தியாகத் தமிழ் வந்தால் மட்டும் பழையபடி கட்டங்கள்தான். குறுஞ்செய்தி ஓப்பரா வழியாக வருவதில்லையே.

நடு அடுக்கை ஒட்டி, கண்ணுக்குத் தெரியாத இன்னோர் அடுக்கு இருக்கிறது. அதுதான் சேவைகள். நோட்டிபிகேஷன் வருவது, வரைபடம் செயலிக்குள் திறப்பது, ஒரே கணக்கில் எல்லாவற்றிலும் நுழைவது, இருக்கும் இடத்தைச் சட்டென்று கண்டுபிடிப்பது, செயலிகளை வாங்கும் கடை எல்லாம் இதில் சேரும். ஆண்ட்ராய்டின் அடிப்படை நிரல் திறந்த மூலம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். கூகுளின் சேவைகள் அப்படி இல்லை. அவற்றுக்குக் கூகுளின் உரிமம் வேண்டும். நாம் பேச்சுவழக்கில் ஆண்ட்ராய்டு என்று சொல்வது பெரும்பாலும் இரண்டையும் சேர்த்துத்தான். இது பிரிந்தால் என்ன ஆகும் என்பதைச் சீன நிறுவனமான ஹுவாவே விஷயத்தில் உலகமே பார்த்தது.

கடைசியாக மேல் தோல். ஐகான்களின் வடிவம், அமைப்புகள் பக்கம், பூட்டுத்திரை. ஸ்கின் என்கிறோமே, அது.

எந்த அடுக்கு மாறியது?

இப்போது பழைய சண்டைகளை எடுத்துப் பாருங்கள். ஷியோமி 2023 அக்டோபரில் மியூஐ என்ற பெயரை விட்டு ஹைப்பர்ஓஎஸ் என்று அறிவித்தது. போன்களைப் பொறுத்தவரை அடியில் ஆண்ட்ராய்டு அப்படியே இருந்தது. செயலிகள் ஓடின, தகவல்கள் பத்திரமாக இருந்தன. பெயர் பெரிதாக இருக்கிறதே என்று பயந்தவர்கள் பயந்திருக்க வேண்டாம். ஒன்பிளஸ் 2021-இல் தன் ஆக்சிஜன்ஓஎஸ்ஸை ஓப்போவின் கலர்ஓஎஸ் நிரலின்மேல் கட்டத் தொடங்கியபோதும் ஆண்ட்ராய்டு ஆண்ட்ராய்டாகவே இருந்தது. ஆனாலும் ரசிகர்கள் கொதித்தார்கள். தோல்தானே மாறியது என்று அவர்களைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. பலர் அந்த போனை வாங்கியதே அந்தத் தோலுக்காக, அதன் எளிமைக்காக. விலை கொடுத்து வாங்கிய காரணமே கையைவிட்டுப் போனால் கோபம் வரத்தான் செய்யும். செயலிகள் ஓடாமல் போகிற நஷ்டம் வேறு, பழகிய வசதி போகிற வருத்தம் வேறு. இரண்டையும் ஒரே தராசில் போட்டு நிறுத்தக் கூடாது.

ஹுவாவேயின் கதையில் அடுக்குகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. 2019 மே மாதம் அமெரிக்க அரசு அதை வர்த்தகத் தடைப் பட்டியலில் சேர்த்தது. திறந்த மூல ஆண்ட்ராய்டைப் பயன்படுத்துவதை யாராலும் தடுக்க முடியவில்லை. கூகுளின் சேவைகள்தான் போயின. அந்த செப்டம்பரில் வந்த மேட் 30 போனில் ஆண்ட்ராய்டு இருந்தது, பிளே ஸ்டோர் இல்லை. செயலியை எப்படியோ உள்ளே ஏற்றிவிட்டாலும், கூகுளின் சேவையை நம்பி எழுதப்பட்டதாக இருந்தால் வரைபடம் திறக்காது, நோட்டிபிகேஷன் வராது. 2021 ஜூனில் ஹார்மனிஓஎஸ் போன்களுக்கு வந்தது. அது உண்மையிலேயே புதிய இயங்குதளமா, பெயர் மாற்றிய ஆண்ட்ராய்டா என்று அனல் பறக்க விவாதித்தார்கள். அந்தப் பதிப்பில் ஆண்ட்ராய்டின் திறந்த மூல நிரல் உள்ளே இருந்தது, ஆண்ட்ராய்டு செயலிகளும் ஓடின. ஆகவே போனில் பார்த்துப் பேசியவர்கள் சந்தேகப்பட்டதில் நியாயம் இருந்தது. 2024 அக்டோபரில் ஹார்மனிஓஎஸ் நெக்ஸ்ட் வந்தபோதுதான் அந்த நிரலையும் எடுத்துவிட்டார்கள். ஆண்ட்ராய்டு செயலிகளை நிறுவ உதவும் ஏபிகே கோப்பு அதில் அப்படியே நிறுவப்படாது. சீனாவின் அரட்டைச் செயலியான வீசாட் போன்றவற்றைக்கூட அதற்கென்று தனியாக எழுத வேண்டியிருந்தது. ஐந்து ஆண்டுகளில் முதலில் சேவை, பிறகு பெயரும் தோலும், கடைசியில் நடு அடுக்கும் கர்னலும். ‘ஹுவாவே எப்போது இயங்குதளத்தை மாற்றியது’ என்று கேட்டால் எந்த அடுக்கைக் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டுத்தான் ஆண்டைச் சொல்ல முடியும்.

இதற்கு நேர் எதிரானது விண்டோஸ் போன் 7-இலிருந்து 8-க்குப் போனது. மேலே பார்த்தால் அதே சதுரக் கட்டங்கள், அதே எழுத்து, பழைய செயலிகளும் பெரும்பாலும் ஓடின. அடியில் மட்டும் விண்டோஸ் சிஇ என்ற கர்னலை எடுத்துவிட்டு, கணினிகளில் இருக்கும் என்டி கர்னலைப் பொருத்தினார்கள். அதனால் 2012 ஜூனில் அந்தச் செய்தி வந்தபோது, சில மாதங்களுக்கு முன்புதான் கடைக்கு வந்திருந்த லூமியா 900 உட்பட அன்றிருந்த எந்த லூமியாவுக்கும் புதிய பதிப்பு கிடையாது என்று ஆகிவிட்டது. 7.8 என்று ஓர் அப்டேட் கொடுத்தார்கள். முகப்புத் திரை புதியதுபோல மாறியது, புதிய பதிப்புக்காக எழுதிய செயலிகள் அதில் ஓடாது. ஒரு நிறுவனத்தை நம்பிப் பழகிய இயங்குதளத்தைத் துறந்து வந்தவர்களுக்கு ஓராண்டுக்குள் இப்படி நேர்ந்தது எனக்கு இன்றும் பொறுக்கவில்லை. பெயரும் முகமும் மாறாததால் இதை யாரும் ‘இயங்குதள மாற்றம்’ என்று அழைக்கவில்லை. ஆனால் வாங்கியவர் கையில் இருந்த போனைப் பொறுத்தவரை அது முழு மாற்றம்.

நோக்கியா ஏன் போனது, ரசிகர்கள் ஏன் உடைந்தார்கள்

2010-இல் உலகில் விற்ற ஸ்மார்ட்போன்களில் மூன்றில் ஒன்றுக்கும் மேல், நோக்கியா போன்களில் ஓடிய சிம்பியன் என்ற இயங்குதளம்தான். இவ்வளவு இருந்தும் ஏன் விட்டார்கள் என்பதுதான் அன்றைய ரசிகர்களின் முதல் கேள்வி. சிம்பியனின் வேர் சையான் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் கையடக்கக் கருவிகளில் இருக்கிறது. நினைவகம் மிகக் குறைவாக இருந்த காலத்தில், ஒவ்வொரு பைட்டையும் எண்ணி எண்ணிச் செலவழிக்க எழுதியது. அதனால்தான் சிறிய பேட்டரியில் நாள்கணக்கில் ஓடியது, பல செயலிகளைப் பின்னணியில் தாங்கியது. அதே சிக்கனம் நிரல் எழுதுபவர்களுக்குச் சுமையாக வந்து முடிந்தது. ஒரு சொற்றொடரை வைத்துக்கொள்ளவே டிஸ்கிரிப்டர் என்ற சேமிப்பு வடிவங்கள் பலவற்றில் எது பொருந்தும் என்று யோசிக்க வேண்டும். நடுவில் நினைவகம் தீர்ந்தால் எதை எதை விடுவிப்பது என்று கிளீனப் ஸ்டேக் என்ற பட்டியலில் தானே பதிந்து வைக்க வேண்டும். பொத்தான் போன்களுக்காக வளர்ந்த இடைமுகத்தின்மேல் தொடுதிரையை ஒட்டவைத்ததும் சேர்ந்துகொண்டது. அன்று ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் செயலிகள் குவிந்த வேகத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை.

அதற்கு மாற்றாக நோக்கியா இன்டெலோடு சேர்ந்து வளர்த்துக்கொண்டிருந்ததுதான் மீகோ. ஆனால் மைக்ரோசாஃப்டிலிருந்து வந்து 2010 செப்டம்பரில் தலைமை நிர்வாகியான ஸ்டீபன் ஈலாப், அது நேரத்துக்கு வந்து சேராது என்று முடிவெடுத்தார். 2011 பிப்ரவரி 11 அன்று லண்டனில் மைக்ரோசாஃப்டின் அன்றைய தலைமை நிர்வாகி ஸ்டீவ் பால்மரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விண்டோஸ் போன்தான் இனி முதன்மை என்று அறிவித்தார். சில நாள்களுக்கு முன் அவர் ஊழியர்களுக்கு எழுதிய குறிப்பு ஒன்று வெளியே கசிந்திருந்தது. நடுக்கடலில் எரியும் எண்ணெய்த் துரப்பண மேடையில் நிற்பவன், பனிபோன்ற தண்ணீரில் குதிப்பதா வேண்டாமா என்று தவிப்பதாகத் தன் நிறுவனத்தை அதில் வருணித்திருந்தார்.

ஆண்ட்ராய்டுக்குப் போயிருக்கலாமே என்பது அன்று முதல் இன்று வரை ஓயாத கேள்வி. எல்லோரும் ஆண்ட்ராய்டில் போன் செய்யும்போது நாமும் செய்தால் கூட்டத்தில் ஒருவராகிவிடுவோம், ஒரு பெரிய நிறுவனம் அந்தச் சந்தையை வளைத்துக்கொள்ளும் என்பது நோக்கியாவின் பயம். மைக்ரோசாஃப்டோ காலாண்டுக்கு 25 கோடி டாலர் ஆதரவுத்தொகை தந்தது. ஆண்ட்ராய்டுக்குப் போயிருந்தால் பிழைத்திருக்கும் என்று அடித்துச் சொல்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. எல்ஜி ஆண்ட்ராய்டில்தான் இருந்தது, 2021-இல் போன் தொழிலையே மூடியது. எச்டிசி தன் போன் வடிவமைப்புக் குழுவின் பெரும்பகுதியைக் கூகுளுக்கு 110 கோடி டாலருக்குக் கொடுத்தது. சிம்பியனை விட்டது தவறில்லை என்பதே என் எண்ணம். விட்ட விதம்தான் தவறு.

பிப்ரவரியில் அறிவிப்பு வருகிறது. முதல் லூமியா கடைக்கு வர நவம்பர் ஆகிறது. இடையில் விற்க இருந்தவை எல்லாம் சிம்பியன் போன்கள். இன்னும் 15 கோடி சிம்பியன் போன்களை விற்போம் என்று நோக்கியா கணக்குச் சொன்னது. எதிர்காலம் இல்லை என்று செய்தவரே சொல்லிவிட்ட போனை யார் வாங்குவார்கள், எந்தக் கடைக்காரர் முன்வரிசையில் வைப்பார், எந்தச் செயலிக்காரர் அதற்காக உட்கார்ந்து எழுதுவார்? இதற்கு ஆஸ்போர்ன் விளைவு என்று பெயரே இருக்கிறது. அடுத்த மாடலைப் பற்றி முன்கூட்டியே பேசியதால் கையில் இருந்த சரக்கு தேங்கி, 1983-இல் திவாலானதாகச் சொல்லப்படும் ஒரு கணினி நிறுவனத்தின் பெயர் அது.

ரசிகர்களின் வருத்தத்தை வெறும் பாசம் என்று நினைப்பவர்கள் அன்றைய கையிருப்பைப் பார்க்க வேண்டும். 2010-இல் வந்த என்8 போனில் பென்டிரைவைச் செருகிப் படம் பார்க்கலாம், மெமரி கார்டு போடலாம், புளூடூத்தில் யாருக்கும் கோப்பு அனுப்பலாம். லூமியா 800 வந்தபோது மெமரி கார்டுக்கு இடமில்லை. புளூடூத்தில் படம் அனுப்ப வழியில்லை. கணினியிலிருந்து பாட்டு ஏற்றவே சூன் என்றொரு மென்பொருள் வேண்டும். “புது இயங்குதளம் வேகமாக இருக்கிறது, அழகாக இருக்கிறது” என்று ஒரு பக்கம் சொன்னது உண்மை. “நேற்றுவரை செய்ததை இன்று செய்ய முடியவில்லை” என்று மறுபக்கம் சொன்னதும் உண்மை. இதற்கு நடுவில்தான் என்9 வந்து நின்றது. இனி இந்த இயங்குதளத்தில் போன்கள் வராது என்று தெரிந்தே வெளியான போன் அது. அதைக் கையில் எடுத்து ஓரத்திலிருந்து ஒருமுறை இழுத்துப் பார்த்தவர்கள் ஏன் அத்தனை கசப்போடு பேசினார்கள் என்பது, இன்று எல்லாப் போன்களிலும் விரல் இழுப்பால் முகப்புக்குப் போகும் நமக்குப் புரியும்.

முடிவு எல்லோரும் அறிந்ததுதான். 2013 செப்டம்பரில் நோக்கியாவின் போன் தொழிலை 544 கோடி யூரோவுக்கு வாங்குவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. 2015 ஜூலையில் ஏறத்தாழ 760 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதியது.

பைத்தியமும் கல்யாணமும்

நல்ல இயங்குதளங்கள் ஏன் தோற்கின்றன என்பதற்கு நம் பழமொழி ஒன்று கச்சிதமாகப் பொருந்தும்: பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும். செயலிகள் இருந்தால்தான் மக்கள் வாங்குவார்கள். மக்கள் வாங்கினால்தான் செயலிகள் எழுதுவார்கள். விண்டோஸ் போனுக்கு இன்ஸ்டாகிராம் 2013 நவம்பரில்தான் வந்தது, அதுவும் சோதனைப் பதிப்பாக. ஸ்னாப்சாட் கடைசிவரை வரவே இல்லை. யூடியூபுக்கு மைக்ரோசாஃப்டே ஒரு செயலி எழுதிப் போட்டது, கூகுள் அதை முடக்கியது. இங்கே கர்னல் எவ்வளவு நேர்த்தியாக இருந்தும் பயனில்லை. செயலிக்கடை காலியாக இருப்பது தொழில்நுட்பக் குறை இல்லை, ஆனால் போனைக் கையில் வைத்திருப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

இந்த முடிச்சை அவிழ்க்க ஒரு குறுக்கு வழி உண்டு. வேறோர் இயங்குதளத்தின் வழக்கைப் புரிந்துகொள்ளும் மொழிபெயர்ப்பாளரை உள்ளே உட்காரவைப்பது. பிளாக்பெரி 2013-இல் கொண்டுவந்த பிளாக்பெரி 10 இயங்குதளத்தில் ஆண்ட்ராய்டு செயலிகள் ஓடும். பிறகு ஏபிகே கோப்பை நேராகவே நிறுவ முடிந்தது. ஆனால் மொழிபெயர்ப்பு சற்று மெதுவாக ஓடும், கூகுளின் சேவை வேண்டும் என்று கேட்கும் செயலி அங்கேயும் திணறும். இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது: ஆண்ட்ராய்டுக்கு எழுதியது இதிலும் ஓடுகிறது என்றால், இதற்கென்று தனியாக எழுத யாருக்கும் காரணம் இல்லாமல் போகிறது. அப்புறம் வாங்குபவரும் நினைப்பார், ஆண்ட்ராய்டு செயலிகள்தான் என்றால் ஆண்ட்ராய்டு போனையே வாங்கலாமே என்று. 2015 இறுதியில் பிளாக்பெரியே பிரிவ் என்ற ஆண்ட்ராய்டு போனைக் கொண்டுவந்தது. மேல் அடுக்கில் தன் விசைப்பலகையையும் செய்திகளை ஓரிடத்தில் திரட்டும் ஹப்பையும் தூக்கிக்கொண்டு, கீழே உள்ளதை எல்லாம் விட்டுவிட்டு வந்தது. தன் பலம் எந்த அடுக்கில் இருக்கிறது என்பதை அது சரியாகவே கண்டுகொண்டது என்பேன். தாமதமாகிவிட்டதுதான் சோகம்.

உங்கள் போனுக்கு இப்படி நேர்ந்தால்

நீங்கள் வைத்திருக்கும் போனின் நிறுவனம் நாளை வேறு இயங்குதளத்துக்குப் போவதாக அறிவித்தால் முதலில் பார்க்க வேண்டியது, கையில் இருக்கும் போனுக்கே மாற்றம் அப்டேட்டாக வருகிறதா, இனி வரும் போன்களில் மட்டும்தானா என்பது. அப்டேட்டாக வந்தால் திரும்பிப் போக வழி உண்டா என்று கேளுங்கள். இனி வரும் போன்களில்தான் என்றால், உங்கள் போனுக்குப் பாதுகாப்பு அப்டேட் எந்தத் தேதிவரை என்று நிறுவனம் எழுத்தில் சொல்லியிருக்கிறதா என்று தேடுங்கள். ‘ஆதரவு தொடரும்’ என்ற சொல்லுக்குத் தேதி இல்லாவிட்டால் நான் மதிப்புக் கொடுக்க மாட்டேன்.

அடுத்தது, நீங்கள் தினமும் திறக்கும் செயலிகள். ஆயிரக்கணக்கான செயலிகள் இருக்கின்றன என்று விளம்பரம் சொல்லலாம். உங்களுக்கு வேண்டியவை பத்தோ பன்னிரண்டோ. அவற்றின் பெயரை ஒரு தாளில் எழுதி, புதிய கடையில் ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள். வங்கிச் செயலியைத் தனியாகக் கவனிக்க வேண்டும். போன் நம்பகமானதுதானா என்று சேவை அடுக்கைக் கேட்டு, பதில் வராவிட்டால் திறக்க மறுக்கும் வகை அது. காசு கொடுத்து வாங்கிய செயலிகள் ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்குக் கூடவே வராது. இரண்டாம் கட்டக் கடவுக்குறியீடு தரும் செயலி இருந்தால், பழைய போனை அழிப்பதற்கு முன் அதைப் புதியதில் ஏற்றிச் சரிபார்த்துவிடுங்கள். இதைச் செய்யாமல் பழைய போனை அழித்துவிட்டு, ஒரு கணக்குக்குள் நுழைய முடியாமல் நான் இரண்டு வாரம் அலைந்திருக்கிறேன்.

அரட்டைகளை லேசாக நினைக்காதீர்கள். வாட்ஸ்அப் ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் இடையில் பழைய உரையாடல்களைக் கொண்டுபோகும் வசதியையே 2021-இல்தான் தரத் தொடங்கியது. உலகின் இரண்டு பெரிய இயங்குதளங்களுக்கே இந்தக் கதி என்றால், மூன்றாவதாக வரும் ஒன்றுக்கு வழி இருக்கும் என்று முன்கூட்டியே நம்பிவிட முடியாது.

விட்டுவிட்ட இயங்குதளத்தில் இருக்கும் போன் ஒரே நாளில் நின்றுவிடாது, மெல்ல மெல்லச் சுருங்கும். சிம்பியனுக்கும் மீகோவுக்கும் 2014 ஜனவரி 1-க்குப் பிறகு நோக்கியா தன் கடையில் புதிய செயலிகளையோ அப்டேட்டுகளையோ ஏற்கவில்லை. விண்டோஸ் போன்களில் வாட்ஸ்அப் 2019 டிசம்பர் 31-உடன் நின்றது. இணையத் தளங்கள் புதிய பாதுகாப்பு முறைக்கு மாற மாற, பழைய போனின் உலாவி அவற்றோடு கைகுலுக்கத் தெரியாமல் பக்கத்தைத் திறக்கவே மறுக்கும். போன் கெட்டுப்போகவில்லை, அதற்குத் தெரிந்த பாதுகாப்பு முறையும், தளங்களை அடையாளம் காண அது நம்பும் சான்றிதழ்களின் பட்டியலும் பழையதாகிவிட்டன. 2022 ஜனவரி 4 அன்று பிளாக்பெரி தன் பழைய இயங்குதளங்களுக்கான சேவைகளை நிறுத்தியபோது, அழைப்பும் குறுஞ்செய்தியும்கூட நம்பகமாக இயங்காது என்று முன்கூட்டியே எச்சரித்தது.

அப்படி ஒரு போன் உங்கள் இழுப்பறையில் இருந்தால் இந்த வாரமே சார்ஜ் ஏற்றி, தொடர்பு எண்களை விசிஎஃப் கோப்பாக வெளியே எடுத்து மின்னஞ்சலிலோ கணினியிலோ போட்டு வையுங்கள். கணினியில் அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்தால் ஆங்கிலப் பெயர்கள் சரியாக இருக்கும், தமிழில் எழுதி வைத்த பெயர்கள் மட்டும் சமக்குறிகளும் எண்களும் கலந்த நீண்ட கோவையாகத் தெரியலாம். அது கெட்டுப்போன கோப்பு இல்லை. ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட். பழைய வகை விசிஎஃப் அந்த ஒவ்வொரு பைட்டையும் சமக்குறி போட்டு எழுதி வைக்கிறது. எதையும் திருத்தாமல் அப்படியே புதிய போனின் தொடர்புகள் செயலியில் இறக்குமதி செய்யுங்கள், பெயர்கள் தமிழில் வந்துவிடும். ஐந்தாறு பெயர்களைத் திறந்து பார்த்து, கொம்பும் காலும் அதனதன் இடத்தில் இருக்கின்றன என்று உறுதி செய்துகொண்ட பிறகு பழைய போனை அணைக்கலாம்.